கொண்டை ஊசி வளைவில் எது இழுக்கும்? சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா

இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துக் காரின் பலத்தைக் கூட்ட டர்போ வைக்கலாமா, சூப்பர்சார்ஜர் வைக்கலாமா என்று கேட்டு வரும் தம்பிகளிடம் நான் முதலில் நீட்டுவது ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும்தான். பக்கத்து சீட்டில் ஒரு நண்பனை உட்கார வைத்துக்கொண்டு, வார நாளில் காலை ஆறு மணிக்கு, பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் ஏறத் தொடங்கும் முன்பு, அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஒருமுறை போய்விட்டு வரச் சொல்வேன். இன்னும் எதுவும் மாட்டாத காரில்தான், எப்போதும் போகிற வேகத்தில்தான். வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வளைவு முடிந்து ஸ்டியரிங் நேராகி ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற அந்த நொடியில் என்ன கியர், ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்று நண்பன் எழுத வேண்டும்.

பெரும்பாலும் எல்லா நோட்டும் ஒரே மாதிரிதான் திரும்பி வரும். இரண்டாவது கியர், 1,800 முதல் 2,200 வரை. எதிரே பஸ் வந்து நின்று ஏறிய இரண்டு மூன்று வளைவுகளில் மட்டும் முதல் கியர், 3,000. இந்த இருபது எண்களைப் பார்க்காமல் டர்போ வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி. டைனோ என்கிற, காரின் பலத்தை அளக்கும் மெஷினில் உச்சத்தில் எத்தனை குதிரைத்திறன் வந்தது என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த உச்சம் 6,000 ஆர்பிஎம்மில் வருகிறது. மலையில் நீங்கள் அங்கே போவதே இல்லை.

நோட்டு நிரம்பியதும் கசப்பான ஒரு பேச்சு இருக்கிறது, அதை முடித்துவிடுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019-இல் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைவிட எனக்குப் பெரிய பயம் இன்சூரன்ஸ்தான். விபத்து நடந்து, சர்வேயர் பானெட்டைத் திறந்து, பேப்பரில் இல்லாத ஒரு டர்போவைப் பார்த்தால் அங்கேயே பேச்சு முடிந்தது.

ஆகவே வழி மூன்றுதான். ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்வது. அல்லது காரைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டு டிராக்குக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, லாரியில் ஏற்றி, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கொண்டு போவது. டிராக்கிலும் மெதுவான வளைவுகள் உண்டு, நோட்டு வேலை அங்கேயும் பலிக்கும். மூன்றாவது, கம்பெனியே டர்போ வைத்து விற்ற காரைப் பழையதில் வாங்குவது: 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015-இல் வந்த 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோ, 2017-இன் பலேனோ ஆர்எஸ். கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரை நான் இந்த மூன்றாவது வழிக்கே தள்ளிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இன்னும் இங்கே இருக்கிறீர்களா? சரி, மேலே போவோம்.

போர்வெல் லாரியும் டாரஸ் லாரியும்

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். இன்ஜின் தானாக மூச்சு இழுத்தால் கிடைக்கிற காற்றைவிட அதிகக் காற்றை உள்ளே அழுத்தித் திணிப்பது. காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் கூட ஊற்றலாம். பெட்ரோல் கூடினால் இழுவை கூடும். எவ்வளவு திணிக்கிறோம் என்பதற்குப் பெயர் பூஸ்ட். பிஎஸ்ஐ கணக்கில் சொல்வார்கள், நம் டயர் கடைக்காரர் சொல்கிற அதே பவுண்டுதான்.

காற்றை அழுத்தும் அந்தப் பம்பை எது சுற்றுகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. சூப்பர்சார்ஜரை இன்ஜினின் கிராங்க் புல்லி, பெல்ட் மூலமாகச் சுற்றுகிறது. டர்போவைச் சைலன்சர் வழியே வெளியே போகிற சூடான புகை சுற்றுகிறது.

சேலத்துக்காரர்கள் சூப்பர்சார்ஜரைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறோம். திருச்செங்கோட்டு போர்வெல் லாரியைப் பார்த்திருக்கிறோம் இல்லையா? பின்னால் காதைப் பிளக்கும் அந்த கம்ப்ரஸரில் இரண்டு திருகுகள் ஒன்றோடொன்று பின்னிச் சுற்றி, காற்றைக் கவ்வி, நெருக்கி அனுப்புகின்றன. இரட்டைத் திருகு சூப்பர்சார்ஜரின் தத்துவம் அதேதான். காருக்குச் சின்னதாக, அறைக்குள் எண்ணெய் பாய்ச்சாமல் செய்திருப்பார்கள். ரூட்ஸ் வகை இன்னும் பழையது. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் இருவர் 1860-இல் உருவாக்கியது, அன்றைக்குக் காரே கிடையாது. சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டிகளில் காற்று ஊத இன்றும் அந்த ரூட்ஸ் ப்ளோயர்தான் ஓடுகிறது. காரில் வரும், ஈட்டன் கம்பெனியின் எம்45 சூப்பர்சார்ஜர் அதன் பேரன். 45 என்பது ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்று, 45 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 740 சிசி. 1.6 லிட்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 800 சிசிதான் இழுக்கும். ஆகவே இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது ப்ளோயர் ஒன்றரைச் சுற்று சுற்றினாலே மிதமான பூஸ்ட் வந்துவிடும். புல்லியின் அளவை மாற்றினால் பூஸ்ட் மாறும், அவ்வளவுதான் அதன் ரகசியம்.

மூன்றாவது வகை சென்ட்ரிஃப்யூகல். பெல்ட்டில் ஓடினாலும் உள்ளே டர்போவில் இருப்பது போன்ற விசிறிதான். இதன் பூஸ்ட் ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 6,000-இல் 6 பவுண்டு கொடுப்பது 3,000-இல் ஒன்றரைப் பவுண்டுதான் கொடுக்கும், 2,000-இல் முக்கால் பவுண்டுகூடத் தேறாது. உங்கள் நோட்டை ஒருமுறை பாருங்கள். மலைக்கு இது ஆகாது. பெங்களூர் ரோட்டில் தொப்பூர் தாண்டி நேராகப் போகிறவர்களுக்கு வேண்டுமானால் சரிப்படும்.

டர்போவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் பிறந்த பிள்ளைகள் லாரிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள். மேட்டில் டாரஸ் லாரி ஏறும்போது கேட்கிற அந்த மெல்லிய விசில்தான் டர்போ. பெட்ரோல் இன்ஜினில் எரிகிற பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புகையோடு வெளியே போய்விடுகிறது. அதில் கொஞ்சத்தைப் பிடித்து ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அதே அச்சின் மறுமுனையில் காற்று அழுத்தும் சக்கரத்தை வைத்தால் டர்போ. 1905-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூச்சி இதற்குக் காப்புரிமை வாங்கினார். சின்ன கார் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும்.

சூப்பர்சார்ஜர் இன்ஜினிடமே கடன் வாங்குகிறது. 1.6 லிட்டர் காரில் 6 பவுண்டுக்கு ஏறக்குறைய 10 குதிரைத்திறன் பெல்ட்டுக்கே போய்விடும். டர்போ குப்பையிலிருந்து எடுக்கிறது, ஆனால் குப்பை சேரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் லேக் என்று பெயர்.

மினி கூப்பர் எஸ் இந்த இரண்டு பாதையிலும் நடந்த கார். 2002 முதல் 2006 வரை வந்ததில் 1.6 லிட்டர் இன்ஜினோடு அதே ஈட்டன் எம்45. அடுத்த தலைமுறையில் கம்பெனி டர்போவுக்கு மாறிவிட்டது. பழைய மினிக்காரர்கள் இன்றைக்கும் அந்த ப்ளோயரின் ஊளைச் சத்தத்தைத்தான் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தால் என்ன என்றும் கேட்பீர்கள். 2005-இல் ஃபோக்ஸ்வாகன் 1.4 லிட்டரில் அதைச் செய்து காட்டியது. உங்கள் பட்டறையில் அதை முயல வேண்டாம்.

மலை போடும் கணக்கு

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். சேலத்தில் காற்றழுத்தம் 14.2 பவுண்டு இருந்தால் ஏற்காட்டில் 12.3 பவுண்டுதான். எதுவும் மாட்டாத கார் இருபது வளைவு ஏறுவதற்குள் தன் பலத்தில் ஏறக்குறைய 13 சதவீதத்தை இழக்கிறது. மேலே குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் இரண்டு மூன்று சதவீதம் திரும்பக் கிடைக்கும்.

இப்போது 6 பவுண்டு பூஸ்ட்டோடு கணக்குப் போடுங்கள். சேலத்தில் இரண்டுக்கும் மொத்தம் 20.2 பவுண்டு. சூப்பர்சார்ஜர் செய்வது பெருக்கல்; கிடைக்கிற காற்றை 1.42 மடங்கு ஆக்குகிறது. ஏற்காட்டில் 12.3-ஐ 1.42 மடங்கு ஆக்கினால் 17.5. சேலத்துக் கோரிமேட்டில் 6 காட்டிய கேஜ் ஏற்காட்டு ஏரிக்கரையில் 5.2 தான் காட்டும். பெல்ட் நழுவுகிறது என்று பயந்து பெல்ட்டை இறுக்கி, டென்ஷனர் பேரிங்கைக் கெடுத்தவர்கள் உண்டு. பெல்ட் மேல் தப்பே இல்லை, மலை அப்படி.

டர்போ செய்வது கூட்டல். அதன் வேஸ்ட்கேட் என்கிற கதவு, வெளிக்காற்றைவிட 6 பவுண்டு அதிகமானால்தான் திறக்கும். காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அந்த 6-ஐக் கொண்டு வந்துவிடும். 12.3-உம் 6-உம் 18.3. இழப்பு 13 சதவீதத்துக்குப் பதிலாக 9 சதவீதம். ஈசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் மூலம் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்துகிற காரில் அந்த 9-ஐயும் கிட்டத்தட்ட மறைத்துவிடலாம்.

இதைக் கேட்டதும் டர்போதான் மலைக்கு என்று எழுந்து போய்விடாதீர்கள். இந்தக் கணக்கு பூஸ்ட் முழுதாக வந்த பிறகுதான் செல்லும். நோட்டில் எழுதிய 2,000 ஆர்பிஎம்மில் பெரிய டர்போ இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். அது 3,500-இல் விழிக்கும்போது அடுத்த வளைவின் பிரேக்கில் உங்கள் கால் இருக்கும். ரூட்ஸ் வகையோ 1,500-லேயே கையைப் பிடித்து இழுக்கும். சின்ன டர்போ 2,200, 2,500-க்கு எழுந்துகொள்ளும். ஆகவே மலைக்காரர்களின் உண்மையான போட்டி ரூட்ஸுக்கும் சின்ன டர்போவுக்கும்தான்.

முன்சக்கர இழுவைக் காராக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வளைவின் உட்பக்கச் சக்கரம் ஏற்றத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும்போது டர்போ திடீரென்று எழுந்தால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றிக் கத்தும். மார்கழிப் பனி ரோட்டில் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பனிக்குள் காட்டெருமை வேறு நிற்கும். சூப்பர்சார்ஜரின் இழுவை கால் மிதிக்கிற அளவுக்குத்தான் வரும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது பெரிய நிம்மதி.

சூடு

காற்றை அழுத்தினால் சுடும். சைக்கிளுக்குக் கைப்பம்பில் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் எப்படிக் கொதிக்கும் என்று. சேலத்துச் சித்திரை வெயிலில் 40 டிகிரிக் காற்றை 6 பவுண்டுக்கு அழுத்தினால், கணக்குப்படி, நல்ல டர்போவிலிருந்து 87 டிகிரியிலும் பழைய ரூட்ஸ் ப்ளோயரிலிருந்து 100 டிகிரியிலும் வெளியே வரும். அந்தச் சூட்டோடு இன்ஜினுக்குள் போனால், ஸ்பார்க் மூட்டிய தீ பரவி வந்து சேருமுன்பே மீதிப் பெட்ரோல் அங்கங்கே தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். நாலு தரம் கேட்டும் காலை எடுக்காவிட்டால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். டர்போவுக்கு முன் பம்பருக்குள் காற்றால் ஆறும் இன்டர்கூலரைப் பொருத்துவது சுலபம், மலிவு. ரூட்ஸ் ப்ளோயர் மேனிஃபோல்டு மேலேயே உட்காருவதால் பெரும்பாலும் தண்ணீர் இன்டர்கூலர் தேவைப்படும்: தனிப் பம்பு, தனி ரேடியேட்டர், தனித் தொட்டி. மலையில் ஒரு தந்திரமான சிக்கல் இருக்கிறது. இன்ஜின் முழு பலத்தோடு உழைக்கிறது, காரோ 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, முன்னால் காற்றே வீசுவதில்லை. இன்டர்கூலர் ரேடியேட்டரின் முகத்தை வேறு மறைத்துக்கொண்டிருக்கும். ஆகவே எதை வைத்தாலும் நல்ல ஃபேன், புதுக் கூலன்ட், அடைப்பில்லாத ரேடியேட்டர் முதல் செலவு. ஏசி கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சூப்பர்சார்ஜரை மாட்டலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். மே மாதம் ஐந்து ரோடு சிக்னலில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

யார் பழுது பார்ப்பது

என்னுடையது 1.6 லிட்டர் பழைய பெட்ரோல் கார். டிராக்குக்கு மட்டும் என்று ஒதுக்கியது. டர்போ வைத்த புதிதில், பத்துப் பதினைந்து நிமிடம் விரட்டினால் போதும், பின்னால் நீலப் புகை. மாட்டிக் கொடுத்த பட்டறையில் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்றார்கள். இன்ஜினைப் பிரித்தோம். ரிங் புதிது மாதிரி இருந்தது. திரும்பப் பூட்டினோம், திரும்பப் புகை. டர்போவையே மாற்ற வேண்டும் என்று அடுத்த பேச்சு வந்தது.

கடைசியில் லாரி டர்போ மட்டுமே பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. காருக்கு அடியில் படுத்து, டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்குகிற ஹோஸைப் பார்த்தார். அது நேராக இறங்காமல், எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றிக்கொண்டு கீழே போய், பிறகு நாலு விரல்கடை மேலே ஏறி, அதன்பின் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் சேர்ந்திருந்தது. அந்த ஹோஸைக் கழற்றி, அதே வளைவோடு கையில் பிடித்து, டீ டம்ளரில் கொஞ்சம் ஆயிலை எடுத்து ஊற்றிக் காட்டினார். பள்ளத்திலேயே நின்றது. “வாய்க்கா மேட்டுக்கு ஏறுமாங்க தம்பி?” என்றார். ஆயில் பம்பு அழுத்தத்தோடு டர்போவுக்குள் போகும். வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது, சும்மா வழிந்து இறங்க வேண்டியதுதான். வழி அடைத்தால் அச்சின் சீல் வழியே கசிந்து எக்ஸாஸ்ட்டில் எரியும். தடித்த ஹோஸ் ஒன்றை நேர்ச்சரிவாக, சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே வந்து சேரும்படி வைத்தார். புகை அன்றோடு நின்றது. இன்ஜினைப் பிரித்த கூலி போனது போனதுதான்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் டர்போவின் உள்ளுறுப்பு தெரிந்த கை எங்கும் கிடைக்கும். ரூட்ஸ் ப்ளோயரின் ரோட்டர் இடைவெளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிற கார் மெக்கானிக்கை இங்கே எனக்குத் தெரியாது. பேரிங், சீல் எல்லாம் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். எது சிறந்தது என்று கேட்கிறவர்கள், எது நின்றுபோனால் எழுப்ப ஆள் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதே சமயம் லாரி அறிவை அப்படியே பெட்ரோலுக்குக் கொண்டு வரவும் கூடாது. பழைய இரும்புக் கடையில் 1.3 லிட்டர் டீசல் காரின் டர்போ மலிவாகக் கிடைக்கும், அளவும் சரியாக இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் பெட்ரோல் இன்ஜினின் புகை முழு பலத்தில் 900 டிகிரியை எட்டும், டீசல் அதைவிடக் குளிர்ச்சி. டீசலுக்கென்று செய்த கூட்டில் அந்தச் சூட்டுக்கு விரிசல் விழும். இதழ்கள் அசையும் வகையாக இருந்தால் இதழ்கள் இறுகிக்கொள்ளும். பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய டர்போவையே தேடுங்கள்.

பழைய டர்போ வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை: காற்றுப் பக்கத்து மூக்கில் இருக்கும் நட்டை இரண்டு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் அசையுங்கள். லேசாக, நூலிழை அளவுக்கு ஆட்டம் இருக்கலாம், இறக்கை சுவரில் உரசக் கூடாது. பிறகு முன்னும் பின்னும் இழுங்கள். அந்தத் திசையில் கைக்குத் தெரிகிற ஆட்டமே இருக்கக் கூடாது. இறக்கையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பல் பல்லாக இருந்தால் ஏதோ உள்ளே போய் அடித்திருக்கிறது. கடைக்காரர் ஊதிச் சுற்றிக் காட்டுவார். சுற்றுவது பெரிய விஷயம் இல்லை, அழுகிப்போன டர்போவும் சுற்றும்.

இன்ஜின் தாங்குமா

எதையும் வாங்குமுன் கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரிலும் கேஜ் வைத்துப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கிறதா என்பது முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் இன்ஜின் வேலை, அப்புறம்தான் பூஸ்ட்.

அடுத்து கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருப்பதை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது. 9, 9.5 இருந்தால் 6 பவுண்டு வரை தைரியமாகப் போகலாம். 10.5-ஐத் தாண்டிய நவீன இன்ஜினில் அதே 6 பவுண்டு வம்பு. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 10.25 விகித இன்ஜினில் டர்போ வைத்தது. நாக்கிங் வராமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சும் ஏற்பாடு. தொட்டியை நிரப்ப ஓனர்கள் மறந்தார்கள், கார் எதிர்பார்த்தபடி ஓடவில்லை, சீக்கிரமே அந்த மாடல் நின்றுவிட்டது. சான் ஸ்டார்ம் என்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: அந்த 1.2 லிட்டர் ரெனோ இன்ஜினின் 60 குதிரைத்திறனில் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றும். ஆனால் அந்தக் காருக்கு ஹெட் கேஸ்கட் தேடுவதே ஒரு யாத்திரை. அதை அப்படியே விட்டு வையுங்கள், கண்ணுக்கு அழகாக இருக்கட்டும்.

பெட்ரோலும் ட்யூனிங்கும்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 100 குதிரைத்திறன் இன்ஜின் 6 பவுண்டில் 130, 140 ஆகும். அவ்வளவு காற்றுக்குப் பெட்ரோல் ஊற்ற, ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 300 சிசி அளவுக்குத் தர வேண்டும். இப்போது பங்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்தது, ஆகவே இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கணக்கிடுங்கள். அதே எத்தனால் நாக்கிங்கைக் கொஞ்சம் தடுக்கவும் செய்கிறது, அது நமக்கு லாபம். இருபது வருடத்துக் காரின் ரப்பர் ஹோஸ்களை மட்டும் மாற்றிவிடுங்கள்.

புகையைப் பார்த்துக் காற்று பெட்ரோல் விகிதத்தைச் சொல்கிற வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட பூஸ்ட்டில் ஓட்டாதீர்கள். முழு மிதியில் காற்று பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் இடையே இருக்க வேண்டும். பூஸ்ட்டில் முள் 13-ஐத் தாண்டினால் அந்த நொடியே காலை எடுங்கள். ஸ்பார்க் டைமிங்கை ஒரு பவுண்டுக்கு ஒரு டிகிரி பின்னுக்கு இழுத்து வைப்பது தொடக்கத்துக்குச் சரி. டைனோவில் அதைச் செம்மைப்படுத்த வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். ட்யூனிங்குக்குக் கோவைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கிட் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். என் அனுபவத்தில் கிட்டுக்கு ஒரு ரூபாய் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு ரூபாய்: இன்ஜெக்டர், ஈசியு, கிளட்ச், பிரேக் பேட், ட்யூனிங், பிறகு எதிர்பாராதது.

சரி, எதை வைப்பது?

முன்பே அந்தக் காருக்கென்று செய்து, பலர் ஓட்டிப் பார்த்த ரூட்ஸ் அல்லது திருகு வகைக் கிட் கிடைக்கிறதா? வெளியூரிலிருந்து பாகம் வர ஒரு மாதம் கார் நின்றாலும் பொறுத்துக்கொள்வீர்களா? அப்படியானால் சூப்பர்சார்ஜர் வையுங்கள். மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது அது தருகிற இழுவையை எந்த டர்போவும் தருவதில்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி பின்சக்கர இழுவைக் கார் யாராவது வைத்திருந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

மற்ற எல்லோருக்கும், அதாவது பத்தில் எட்டுப் பேருக்கு, சின்ன பெட்ரோல் டர்போ, 6 பவுண்டு, நல்ல இன்டர்கூலர். கடைக்காரர் அதே விலைக்குப் பெரியது தருகிறேன் என்பார். வாங்காதீர்கள். உங்கள் இருபது எண்களை அவர் முன்னால் வைத்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஸ்ட் முழுதாக வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். ‘புஸ்’ என்று சத்தம் போடும் வால்வைப் பற்றி முதலில் பேசுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மாட்டும் வரிசையும் முக்கியம். முதலில் பிரேக், கூலிங், கிளட்ச். அடுத்து பெரிய இன்ஜெக்டரும் ஈசியுவும். பூஸ்ட் இல்லாமலே அவற்றோடு கார் ஒழுங்காக ஓட வேண்டும். கடைசியாகத்தான் டர்போ அல்லது ப்ளோயர். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டினால், கோளாறு வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும்.

கையில் அனுமதிக் காகிதம் இருந்து முதல் தடவை மலை ஏறும் நாளில், பாதி மிதிக்கு மேல் போக வேண்டாம். மீண்டும் அதே நோட்டு, அதே நண்பன், இந்தத் தடவை பூஸ்ட் கேஜும் கூலன்ட் சூடும் எழுதட்டும். வழியில் படம் எடுக்க நிறுத்தினால் இன்ஜினை உடனே அணைக்காதீர்கள். ஆயில் நின்றுவிட்டால், பழுத்த டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். ஏற்காட்டுக்குள் ஏரிக்கரை வரை மெதுவாக ஊர்ந்து போவதே டர்போவை ஆற்றிவிடும். அங்கே நிறுத்தியதும் ஒரு பழைய நியூஸ் பேப்பரைக் காருக்கு அடியில் விரித்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். திரும்பி வந்து பேப்பரைப் பாருங்கள். சொட்டு எதுவும் இல்லையென்றால், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.